இரண்டு ஜி.எஸ்.டி.

கேள்வி: மின்சாரக் காரா, ஹைபிரிடா என்று மூன்று மாதமாக வீட்டில் பட்டிமன்றம். நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடுங்களேன்!
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஷோரூமுக்குப் போவதற்கு முன் உங்கள் பார்க்கிங்கைப் போய்ப் பாருங்கள். அங்கே 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் போட முடியுமா? தனி வீடென்றால் ஒரு எலெக்ட்ரீஷியன் போதும். அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் செயலாளர் மனசு வைக்க வேண்டும். காரைவிட அவரைச் சார்ஜ் ஏற்றுவதுதான் சிரமம்! அந்தப் பாயின்ட்டில் மணிக்குச் சுமார் 3 யூனிட்தான் ஏறும். காலியான 40 யூனிட் பேட்டரி நிரம்புவதற்குள் நீங்கள் தூங்கி எழுந்து, காபி குடித்து, பேப்பரையும் வரி விளம்பரம்வரை படித்துவிடலாம்.

கம்பெனி சொல்லும் ரேஞ்ச், பெண் பார்க்க வந்தபோது சொன்ன சம்பளம் மாதிரி. ஏசி, ஐந்து பேர், நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகம் எனப் பிடித்தங்கள் போகத்தான் கைக்கு வரும். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி உண்டா என்று எழுத்தில் பாருங்கள்.

ஹைபிரிடுக்குப் பிளக் தேவையில்லை. பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியைச் சேமித்துக்கொள்ளும் என்பதால், உங்கள் ஊர் ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல் அதற்குக் கொண்டாட்டம். இன்னொரு ஜி.எஸ்.டி.தான் திண்டாட்டம்: மின்சாரக் காருக்கு 5 சதவீத வரி, ஹைபிரிடுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘மைல்டு ஹைபிரிட்’ என்றால் உஷார்! அது மின்சாரத்தில் மட்டும் ஓடாது.

தினமும் வேளச்சேரி ஆபீஸ் என்றால் மின்சாரம். மாதம் இருமுறை திருநெல்வேலி மாமியார் வீடு என்றால் ஹைபிரிட். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்ததாகச் சாக்குச் சொல்ல ஆசையிருந்தால், மறுபடி மின்சாரம்!