கொஞ்சம் குதியுங்கள், பெரியவரே

வாருங்கள் பெரியவரே. ஹெபெய் மாகாணத்து மெங்சுன்னிலிருந்து பாஜிக்வான் என்ற பழைய சண்டைக்கலையை எங்கள் வூஷு போட்டியில் ஆடிக்காட்ட வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். ‘பாரம்பரியப் பிரிவு’ என்ற பலகையைப் பார்த்து வந்தீர்களாக்கும். பலகை வைத்தது நாங்கள்தான்; நம்பியது உங்கள் தப்பு.

காலைத் தரையில் ஓங்கி மிதித்தால், அந்த வேகம் இடுப்பேறி, முழங்கை வழியாக எதிராளியின் விலாவில் இறங்குமாம். இறங்கட்டும். எங்கள் மதிப்பெண் தாளில் விலா எலும்புக்குக் கட்டம் இல்லையே! குதித்தே ஆகவேண்டும் என்று உங்கள் பிரிவில் விதி கிடையாது, வாஸ்தவம். ஆனால் நடுவர்களின் கண் எதில் பழகியிருக்கிறது என்று பக்கத்து விரிப்பைப் பாருங்கள்.

14 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சாங்க்வான் என்ற வூஷு ஆட்டப் போட்டி நடக்கிறது. மொத்தம் 10 மதிப்பெண்; அதில் 2 அந்தரத்தில் தொங்குகிறது. எம்பி, 720 பாகை சுழன்று, இரு காலையும் அகல விரித்துத் தரையில் உட்கார்ந்தால் கைதட்டல். இறங்கும்போது தள்ளாடினால் 0.1 போச்சு, விழுந்தால் 0.3. எதிராளியா? அப்படி ஒருவர் அங்கே கிடையாது. இருந்திருந்தால், காலை விரித்து உட்கார்ந்தவனின் தலையில் ஓர் உதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அங்கே காத்திருப்பவன் கையிலுள்ள வாளும் அப்படித்தான். வீசினால் சலசலக்க வேண்டும் என்றே தகடாக அடித்தது. வெட்டுவது அதன் வேலையில்லை.

சண்டைதான் வேண்டுமென்றால் சான்டா பக்கம் போங்கள். கையுறை மாட்டிக்கொண்டு குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம். எந்தக் குருவின் சீடர் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள். ஆட்டை உரித்துத் தோலை ஒரு கடையிலும் கறியை இன்னொரு கடையிலும் விற்கிறோம். இரண்டு கடையிலும் ஆடு மட்டும் கிடைக்காது.

முறைக்காதீர்கள். உங்களுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்? பண்பாட்டுப் புரட்சியில் உங்கள் குருமார்களின் ஏடுகளைக் கொளுத்தினோம், அவர்களையும் கூட்டத்தின் நடுவே நிறுத்தி அவமானப்படுத்தினோம். பிறகு 1983-ல் ஊர் ஊராக ஆள் அனுப்பி, மிச்சம் மீதி ஏதாவது உண்டா என்று கணக்கெடுக்கவும் செய்தோமே! 129 மரபுகள் தேறின. கொள்ளி வைத்த கையாலேயே எண்ணினோம்.

எல்லாம் ஒலிம்பிக்குக்காக ஐயா. 2008-ல் எங்கள் பெய்ஜிங்கிலேயே நடந்தது. வூஷுவுக்குப் பதக்கப் பட்டியலில் இடமில்லை, ஓரமாக ஒரு போட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வைத்துக்கொண்டோம். 2026-ல் டாக்கர் இளையோர் ஒலிம்பிக்கில்தான் கதவு திறந்திருக்கிறது. லோசானில் உட்கார்ந்திருக்கும் ஒலிம்பிக் கமிட்டிக் கனவானுக்கு உங்கள் முழங்கை புரியுமா? குட்டிக்கரணம் புரியும்.

வயதென்ன, எழுபதா? பரவாயில்லை. மூன்றாவது அடவுக்குப் பிறகு சின்னதாக ஒரே ஒரு குதி. முடியாதா? சரி, ஓரமாக உட்காருங்கள்.

அடுத்தது யார்? நீயும் பாஜிக்வானா தம்பி? பன்னிரண்டு வயசா? சபாஷ். முட்டி இன்னும் நாலைந்து வருஷம் தாங்கும்.