பூர்பாக்கி சார் வீட்டில் இருக்கிறாரா?

கணிதம் மொத்தத்தையும் அடியிலிருந்து நுனிவரை தானே எழுதி முடித்துவிட வேண்டும் என்று ஒரு மனிதருக்கு ஆசை வந்தது. வந்ததோடு நிற்காமல் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு சிக்கல்தான். அப்படி ஒரு மனிதரே கிடையாது!

பெயர் நிக்கோலா பூர்பாக்கி. கணவியல், அல்ஜீப்ரா, டோபாலஜி, தொகையீடு, லீ குலங்கள் என்று கிளைக்கு ஒரு புத்தகம் போட்டு நூலக அலமாரிகளை அடைத்தவர். வரிசைக்கு வைத்த தலைப்பாவது அடக்கமாக இருந்ததா? யூக்ளிட் வைத்த அதே ‘எலிமென்ட்ஸ்’. இரண்டாயிரம் வருஷப் பழைய ஆசாமி, கேஸா போடப்போகிறார்!

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நச்சரிப்பு. ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கார்த்தான், ஆந்த்ரே வெய்ல் என்று இரண்டு இளம் பேராசிரியர்கள். கோர்சா எழுதிய பழைய பாடப்புத்தகம் இரண்டு பேருக்கும் பிடிக்காது. ஸ்டோக்ஸ் தேற்றத்தைப் பசங்களுக்கு எப்படி நடத்துவது என்று கார்த்தான் வெய்லைக் குடைந்துகொண்டே இருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வெய்ல், நண்பர்களைக் கூட்டிப் புத்தகமே எழுதிவிடலாம் என்று முடிவுகட்டினார். கணிதத்துக்குத் தொண்டு என்பதெல்லாம் பிறகு வந்தது. முதல் நோக்கம் கார்த்தான் வாயை அடைப்பது.

1934 டிசம்பர் 10. பாரிஸில் கபூலாட் என்ற கஃபே. வெய்ல், கார்த்தான், ஷெவாலே, தெல்சார்த், தியுதொனே, தெ பொசெல் என்று ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பக்கம், சில வருஷத்தில் கதை முடிந்தது என்று எஸ்டிமேட். மேஸ்திரி சொல்லும் எஸ்டிமேட்டை நம்பி வீடு கட்டியவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் புத்தகம் 1939-ல் வந்தது. ஸ்டோக்ஸ் தேற்றம் உட்கார வேண்டிய பலவெளிகள் பற்றிய பாகம் 1967-லும் 1971-லும் இரண்டு தவணையாக வந்தது. அதிலும் நிரூபணங்கள் கிடையாது, முடிவுகள் மட்டும்!

சரி, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? பிரான்ஸும் பிரஷ்யாவும் மோதிய போரில் பூர்பாக்கி என்று நிஜமாகவே ஒரு தளபதி இருந்தார். 1871 குளிரில் அவருடைய படை சுவிட்சர்லாந்துக்குள் ஒதுங்கி ஆயுதத்தை ஒப்படைத்ததுதான் அவரைப் பற்றி ஊர் நினைவில் வைத்திருந்த சாதனை. 1923-ல் எகோல் நொர்மால் கல்லூரியில் ராவுல் உஸ்ஸோன் என்ற சீனியர் மாணவர் ஒட்டுத்தாடியோடு வந்து, புதுப் பையன்களுக்குப் படுசீரியஸாக லெக்சர் எடுத்தார். தேற்றங்களுக்கெல்லாம் தளபதிகளின் பெயர். கிளைமாக்ஸ், பூர்பாக்கி தேற்றம். சொன்னது அத்தனையும் உளறல். ஒரு பையன் மட்டும் ஆரம்பம் முதல் கடைசிவரை எல்லாம் புரிந்தது என்றானாம்! அந்தப் பெயரைத்தான் கஃபே கும்பல் தனக்கு வைத்துக்கொண்டது.

இந்தக் கூத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கஃபே கூட்டத்துக்கு முன்பு, 1930-ல், வெய்ல் அலிகாரில் வாத்தியாராக இருந்தார். அங்கே சக ஆசிரியர் ஒருவரின் தலைக்கனத்தைத் தட்ட ஒரு ஐடியா கொடுத்தார். விளைவு, 1931-ல் ‘பூர்பாக்கியின் இரண்டாவது தேற்றம்’ என்று இல்லாத தேற்றத்தைக் குறிப்பிட்டு ஒரு இந்தியக் கணிதக் கட்டுரை அச்சேறியது. எழுதியவர் டி.டி. கோசாம்பி. ஆமாம், பின்னாளில் ஆதாரம் இல்லாமல் பேசாதே என்று இந்திய வரலாற்றுக்கே பாடம் எடுத்த அதே கோசாம்பி!

புத்தகம் எழுதிய முறை இன்னும் அழகு. ஒருவர் டிராஃப்ட் எழுதி வந்து சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் வரிக்கு வரி கிழிப்பார்கள். கிழிந்ததை இன்னொருவர் எடுத்துப்போய்ப் புதிதாக எழுதுவார். அதையும் கிழிப்பார்கள். எல்லோரும் ஒருமனதாகச் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். தியுதொனேவுக்கு வெண்கலக் குரல். கோபம் வந்தால் ராஜினாமா செய்துவிடுவார். கடைசிப் பிரதியை எழுதியதும் பெரும்பாலும் அவரேதான்.

இவ்வளவு சண்டை எதற்கு? துல்லியத்துக்கு. எண் 1 என்பதைக்கூடச் சும்மா விடக்கூடாது, அடிப்படைக் குறிகளிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். அதை முழுசாக விரித்து எழுதினால் சில பத்தாயிரம் குறிகள் ஆகும் என்று பூர்பாக்கி ஓர் அடிக்குறிப்பு போட்டார். ஏட்ரியன் மத்தையஸ் என்ற கணிதர் பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். சுமார் நாலரை லட்சம் கோடி! நம் ஊர் 2ஜி கணக்கில் அடிபட்ட 1.76 லட்சம் கோடியெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை. உலகத்தின் மகா துல்லியமான புத்தகம் ‘ஒன்று’ என்பதிலேயே கணக்கைக் கோட்டைவிட்டிருக்கிறது.

இல்லாத மனிதரின் ஜம்பத்துக்கும் குறைச்சல் இல்லை. விசிட்டிங் கார்டு உண்டு. பெண் கல்யாணப் பத்திரிகைகூட அச்சடித்தார்கள். 1939-ல் பின்லாந்து போலீஸ் உளவாளி என்று வெய்லைப் பிடித்தபோது அவர் பேப்பர்களுக்கு நடுவே இவையும் கிடந்தன. போல்தேவியா என்ற நாட்டு ராயல் அகாடமி உறுப்பினராம் பூர்பாக்கி. அப்படி ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. பாவம் அந்த இன்ஸ்பெக்டர்!

அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் தனிநபர் உறுப்பினராகச் சேர விண்ணப்பமும் போட்டார். நிறுவனமாக வேண்டுமானால் சேரலாம், சந்தா கூடுதல் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்குக் கடிதமே போடவில்லை. ரால்ஃப் போவஸ் என்ற கணிதர் ‘பூர்பாக்கி என்பது ஒரு கும்பலின் புனைபெயர்’ என்று பிரிட்டானிக்கா ஆண்டுமலரில் எழுத, பூர்பாக்கி கொதித்துப்போய்க் கண்டனக் கடிதம் அனுப்பினார். கூடவே ஒரு வதந்தியும் கிளம்பியது: போவஸ் என்று யாருமே கிடையாது, ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழு அந்தப் பெயரில் எழுதுகிறது!

கும்பலில் ஐம்பது வயதானால் ரிட்டயர்மென்ட். பூர்பாக்கிக்கு மட்டும் அது கிடையாது. 1968-ல் அவர் காலமானார் என்று இரங்கல் அட்டை சுற்றியது. அவரோ 2016-ல் டோபாலஜியில் புதுப் புத்தகம் போட்டார்.

வாங்கிப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதைப் படிக்கக் கொள்கையளவில் முன்கூட்டிக் கணித அறிவு எதுவும் தேவையில்லை என்று அவர் முன்குறிப்பில் சொல்கிறார். யார் சொல்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டு நம்புங்கள்.