காற்றுக்குக் கிழமை தெரியும்

பாக்கு நீரிணையில் வீசுகிற ஒரு விசேஷக் காற்றைப் பற்றி வானிலைக்காரர் எவரும் இன்னும் எழுதவில்லை. அது திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில்தான் வீசும். இராமேஸ்வரத்து இழுவைப்படகுகளாகப் பார்த்துத் தூக்கும். ஓட்டுகிறவருக்கே தெரியாமல் எல்லை தாண்டவைத்து, இலங்கைப் பக்கம் எங்கள் நெடுந்தீவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். வலையையும் அதுவே இறக்கிவிடும் போலிருக்கிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் அந்தக் காற்றுக்கு விடுமுறை. அந்த இரண்டு மாதமும் யாருக்கும் வழி தவறுவதில்லை. ஜூன் 15 விடிந்தால் மறுபடி கடலில் திசை குழம்பிவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கரையில் இழுவைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் அடிதடி முற்றிப்போய், வாரத்தில் மூன்று நாள் இழுவைக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்த மூன்று நாள்தான் நம்முடைய காற்றடிக்கும் நாள். 61 நாள் என்பது மீன் குஞ்சு பொரிக்க அங்குள்ள அரசு போடும் தடைக்காலம். பாம்பன் நாட்டுப்படகுக்காரனின் வயிற்றைக் காக்கக் கிழமை பிரிக்கத் தெரிகிறது, மீன் குஞ்சைக் காக்க நாள் குறிக்கத் தெரிகிறது, கடல் எல்லைக் கோடு மட்டும் தெரியவில்லையாம்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். எந்த மிருகம், எந்தப் பருவம், எந்த வட்டாரம் எல்லாம் அதில் இருக்கும். சுட்டுவிட்டால் அட்டையை மிருகத்தின் உடம்பிலேயே கட்டவேண்டும். ஓடையின் இந்தப் பக்கம் உன் வட்டாரம், அந்தப் பக்கம் மற்றவனுடையது. தெரியாமல் தாண்டிவிட்டேன் என்றால், தெரிந்துகொண்டு வருவது உன் பொறுப்பு என்பார் காவலர். துவக்கோடு போகிறவனுக்கு எல்லை எது என்று மானா சொல்லிக்கொடுக்கும்?

இழுவைப்படகும் வேட்டைதான், அட்டையும் உண்டு. பக்கவாட்டில் பதிவு இலக்கம் எழுதியிருக்கும். புறப்படுமுன் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கவேண்டும். எந்தப் படகு, யாருடையது, என்றைக்குப் போனது என்று அரசுக்குத் தெரியும். எங்கே போனது என்பது மட்டும் ஆண்டவனுக்கும் இலங்கைக் கடற்படைக்கும் விட்ட கணக்கு.

எங்கள் துறையின் பெயரே குறிகட்டுவான். பெயர் எப்படி வந்ததென்பது என் விஷயமில்லை. ஆனால் அந்த இறங்குதுறையில் நிற்கும்போதெல்லாம் குறி கட்டாமல் ஓடுகிற வேட்டைதான் நினைவுக்கு வருகிறது.

போன சனிக்கிழமை நயினாதீவுப் படகுக்கு நின்றேன். ஒரு பக்கம் நாகபூசணி அம்மனுக்குப் போகிற கூட்டம், தாமரை மொட்டோடு நாகதீப விகாரைக்குப் போகிற தெற்குக் கூட்டம். மறுபக்கம் ஒருவர் சாக்கை விரித்து நண்டு வலையைக் கொட்டிக்கொண்டிருந்தார். வலை என்று அவர்தான் சொன்னார். நான் பார்த்தது ஒரு கயிறு, அதில் மிதப்புகள், அதன்கீழே இரண்டு விரல் அகலத்துக்குத் தும்பு. மற்றதெல்லாம் போய்விட்டது. தும்போடு சாதாழை வேரும் மண்ணுமாகச் சுற்றிக் கிடந்தது. கடலின் அடியைப் பெயர்த்துக்கொண்டு போன இழுவைமடிப் பலகைகளின் கைவேலை. அவர் கத்தியால் மிதப்புகளை ஒவ்வொன்றாக அறுத்து ஒரு வாளிக்குள் போட்டார். அடுத்த வலைக்கு உதவுமாம்.

"எப்ப அண்ணை நடந்தது?"

"புதனிரவு. செவ்வாய் பின்னேரம் போட்டன், வியாழன் எடுப்பமெண்டு நினைச்சன். என்ர பிழைதான் தம்பி."

என்ர பிழைதான். இந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வடக்கு மீனவர் இழுவைப்படகு வரும் மூன்று நாளையும் கணக்கில் வைத்து, அந்த நாட்களில் வலை போடாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். தன் கடலில் தன் வலையை என்றைக்குப் போடலாம் என்பதை அக்கரையின் நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கிறார் ஒருவர். மறந்துபோனால் தன் பிழை என்கிறார். எல்லையை அறியவேண்டியவன் அறியமாட்டான். எல்லைக்குள் இருப்பவன் அவனுடைய கிழமையை மனப்பாடம் பண்ணவேண்டும்.

கடலில் கோடு கீறியா வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கீறித்தான் வைத்திருக்கிறார்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பாகை, கலை. கச்சதீவுக்கு மேற்கே ஏறக்குறைய ஒரு மைலில் கோடு போகிறது. நெடுந்தீவின் மேற்குக் கரைக்கு அந்தக் கோடு ஏறக்குறையப் பத்துக் கடல் மைல் தள்ளி. எட்டு நொட்டில் ஓடினாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு மணித்தியாலம் கிழக்கே பார்த்து ஓடிக்கொண்டே வழி தவற அபாரமான பயிற்சி வேண்டும். படகில் ஜிபிஎஸ் உண்டு. போன வாரம் றால் பட்ட இடத்தை இந்த வாரம் இருட்டில் தப்பாமல் காட்டுகிற அதே பெட்டி, கோடு வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறது. பெட்டிக்கும் தமிழ் உணர்வு இருக்கும்.

மறுநாள் சென்னைப் பத்திரிகையில் வரும்: "நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, எல்லை தாண்டியதாகக் கூறி..." நெடுந்தீவு அருகே என்று எழுதிய கையே 'தாண்டியதாகக் கூறி' என்றும் எழுதுகிறது. நெடுந்தீவு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பதாக யாரோ அந்த அலுவலகத்தில் படம் மாட்டிவைத்திருக்க வேண்டும்.

2024இல் மட்டும் பிடிபட்டவர்கள் ஐந்நூறைத் தாண்டினார்கள். பிடிபடுகிறவன் யார்? கூலிக்கு ஏறியவன். படகு முதலாளி கரையில் தூங்குகிறார். வேட்டைக்காரன் வீட்டில், துவக்குத் தூக்கியவன் யாழ்ப்பாணச் சிறையில். சிறையில் முடிந்தால் அதிர்ஷ்டம். 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலில் நான்கு பேர் கடற்படைப் படகோடு மோதி மாண்டார்கள். 2025 ஜனவரியில் வேறு சிலர் கடற்படைச் சூட்டில் காயப்பட்டு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்த உயிரும் இரத்தமும் எங்களுக்கு இனிக்கவில்லை. ஆனால் அவர்களை அந்த இருட்டுக்கு அனுப்பிய முதலாளியின் பெயரை எந்த இரங்கல் அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அறிக்கை எல்லாம் கச்சதீவைப் பற்றி.

கச்சதீவு! 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லை, அந்தோனியார் கோயில் ஒன்று. தேர்தல் வந்தால் அது கண்டம் அளவுக்கு வீங்கும். 2024 மார்ச் கடைசியில் பிரதமர் மோடிக்கு அது நினைவு வந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மீட்கத் தீர்மானம் போட்டது. செப்ரெம்பரில் எங்கள் ஜனாதிபதி அநுர குமார நேரிலேயே போய் நின்று, விடமாட்டேன் என்றார். நாளைக்கே தீவைத் தூக்கிக் கொடுத்தாலும் இழுவைப்படகு அங்கே நிற்காது. அங்கே றால் இருந்தால் இங்கே ஏன் வருகிறார்கள்? தங்கள் பக்கத்தை வழித்துத் துடைத்துவிட்டுத்தானே வருகிறார்கள்.

2016 நவம்பரில் டில்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் உட்கார்ந்து, இழுவைமடியை இயன்ற விரைவில் ஒழிப்போம் என்றார்கள். இயன்ற விரைவு இன்னும் நடந்துவருகிறது, நொண்டிக்கொண்டு. கொழும்பு 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது, மறுவருடம் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தையும் ஏற்றியது. பிடித்த படகுகளில் 105ஐ 2022 பெப்ரவரியில் ஏலம் போட்டார்கள். காரைநகரில் மட்டும் 65. ஏலத்தில் வந்த காசில் ஒரு பாகம் நண்டு வலையாகத் திரும்பி வந்ததா என்று குறிகட்டுவானில் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

அக்கரையைப் பற்றி இதையெல்லாம் சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்கிறது. குண்டு விழுந்த நாட்களில் எங்கள் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இறங்கியது அந்தக் கரையில்தான். மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் கடற்படை எங்களைக் கரையில் கட்டிப்போட்டிருந்தது; வெறிச்சோடிய கடலில் அவர்கள் தொழில் செய்து பழகினார்கள். பழக்கம் உரிமையாகிவிட்டது. கேட்டால், தொப்புள்கொடி உறவு என்கிறார்கள். தொப்புள்கொடி அறுக்கக் கத்தி வேண்டும். எங்கள் வலைக்கு அவர்களின் பலகையே போதும்.

நாங்களும் புனிதர்கள் இல்லை. இழுவைமடி எங்களிடமும் உண்டு, சட்டத்துக்குப் பிறகும் முற்றாக நிற்கவில்லை. தெற்கின் பலநாள் கலங்கள் சாகோஸ் தீவுப் பக்கம் சுறாவுக்குப் போய்ப் பிடிபட்டால் எங்கள் செய்திகளிலும் 'திசைமாறிய மீனவர்' ஆகிவிடுகிறார்கள். கள்ளத் தொழிலைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனையே தடுத்தது. வாங்குகிறவன் கதவைச் சாத்தியதும் கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. 2016இல் தடை நீங்கியது. ஆக, காற்றை நிறுத்தலாம். இராமேஸ்வரத்து றாலை வாங்குகிற நாடுகள் அது எந்தப் பக்கத்துக் கடலில் பட்டது என்று ஒருமுறை கேட்டிருந்தால் பாக்கு நீரிணையின் காலநிலையே மாறியிருக்கும்.

நயினாதீவுப் படகு வந்து கட்டியது. அவர் வாளியை ஆட்டி மிதப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

"இரவைக்கு வலை போடேல்லையோ அண்ணை?"

"போட ஒண்டு கிடக்கு, மருமோன்ர. ஆனா இண்டைக்குச் சனியெல்லே."

மிச்சத்தை எண்ணத் தொடங்கினார்.