சாணித்தாளுக்குக் கெட்டி அட்டை

அமெரிக்காவில் ‘பல்ப்’ கதை என்ற பெயரே மரக்கூழில் செய்த மட்டமான தாளால் வந்தது. நம்மூர்ச் சாணித்தாளுக்குப் பங்காளி. அந்த ரகத் தாளில் அச்சான ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில்தான் 1928இல் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதுலு பூதம் எழுந்தருளியது. 2016இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட ‘பல்ப் கதுலு’ விளையாட்டு விதிநூலோ கெட்டி அட்டை, முழு வண்ணம். 1937இல் கையில் காசில்லாமல் காலமான லவ்கிராஃப்ட் இதைப் பார்த்திருந்தால், பூதத்தைவிட விலையைக் கண்டுதான் மிரண்டிருப்பார்.

இந்த விதிநூலுக்கு அடிப்படையான, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாடும் மூல விளையாட்டு 1981இல் வந்தது. அதன் தர்மம் எளிது: பூதத்தைப் பார்த்தவருக்குப் புத்தி பேதலிக்கும், அல்லது பிராணன் போகும், பல நேரம் இரண்டும். புது நூலுக்குக் கருணை அதிகம். பாத்திரத்தின் உடல்வலு எண்ணையும் உருவ எண்ணையும் கூட்டி 10ஆல் வகுத்துக் கணக்கிட்டுவந்த உயிர்ப்புள்ளிக்கு, இங்கே அதே கூட்டுத்தொகையை 5ஆல் வகுக்கிறார்கள். வகுத்தல் கணக்கிலேயே ஆயுசு இரட்டிப்பு! எந்த ஜோசியரும் இப்படியொரு பரிகாரம் சொன்னதில்லை. அதையும் மீறிச் சாவு வந்தால், அதிர்ஷ்டப்புள்ளி 30ஆவது மிச்சமிருந்தால் போதும், மொத்தத்தையும் கொட்டிக்கொடுத்துத் தப்பிவிடலாம். எமனுக்கே கையூட்டு, ரசீது கிடையாது.

பிரபஞ்சத்தின் முன்னால் மனிதன் வெறும் தூசு என்று எழுதி எழுதியே ஓய்ந்தவர் லவ்கிராஃப்ட். அந்தத் தூசு இப்போது இரண்டு கையிலும் துப்பாக்கியோடு நிற்கிறது. புத்தி பேதலிப்பது மட்டும் ஒழியவில்லை. ஆனால் பேதலித்தவருக்கென்றே தனித்திறமைகளும் இந்நூலில் உண்டு.