பக்கத்து டிபார்ட்மெண்ட் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே, கண்ணு!

வாங்க கண்ணுகளா, அந்தப் பலகையை இழுத்துப் போட்டு உக்காருங்க. கடைசி வருஷம், புராஜெக்ட் செய்யோணும், அப்புச்சிகிட்ட ஒரு யோசனை கேக்கலாம்னு வந்திருக்கீங்க. பீளமேட்டுப் பவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் செஞ்சே தலை நரைச்சவன் நான். காலேஜ் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. அதனால தைரியமாச் சொல்லலாம். தப்பாப் போனா என்ற டிகிரியை யாரும் புடுங்க முடியாது பாருங்க.

மொதல்ல கூட்டுச் சேர்றது. மெக்கானிக்கல் படிக்கறவன் மெக்கானிக்கல்காரனோட மட்டும் சேரோணும். ஒரே கிளாஸ், ஒரே ஹாஸ்டல், முடிஞ்சா ஒரே ரூம். எலெக்ட்ரானிக்ஸ் பையனைச் சேர்த்துடாதீங்க. அவன் சர்க்யூட்டு, சென்சாருன்னு ஏதாவது சொல்லுவான். "எனக்குப் புரியலைடா, இன்னொருக்காச் சொல்லு"ன்னு கேக்க வேண்டி வரும். பி.இ. படிக்கறவன் வாயில வரக்கூடிய வார்த்தையா அது? காமர்ஸ் பிள்ளைங்க பக்கம் திரும்பவே திரும்பாதீங்க. "இதுக்கு எவ்வளவு செலவாகும், யார் வாங்குவாங்க?"ன்னு எடுத்த எடுப்புல அபசகுனமாக் கேட்டு வெச்சுருவாங்க.

அப்புறம் வேலையைப் பிரிச்சுக்கறது. ஒருத்தன் செய்யோணும். ஒருத்தன் ரிப்போர்ட்டை ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கிட்டு வரோணும். ஒருத்தன் வைவாவுக்குச் சட்டையை அயர்ன் பண்ணி வெக்கோணும். நாலாமவன் பேரு வரிசையில மொதல்ல வரோணும். இதுக்கும் சோம்பலா இருந்தா புராஜெக்ட் சென்டருக்குப் போங்க. காசைக் கட்டினா மாடலும் குடுத்து, கேக்கற கேள்விக்குப் பதிலும் சொல்லிக் குடுத்துருவாங்க. அங்கயாச்சும் விக்கறவன் ஒருத்தன், வாங்கறவன் ஒருத்தன்னு ஒரு வியாபாரம் நடக்குது. உங்க ரிப்போர்ட்டுல அதுகூட இல்லை.

2017-ல இருந்து ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்னு ஒண்ணு நடத்தறாங்களே, டீமுக்கு ஆறு பேரு, அதுல ஒரு பொம்பளைப் பிள்ளையாச்சும் இருக்கோணும்னு விதி வெச்சிருக்காங்க. நல்ல விதி. நம்ம பசங்க அதுக்கும் வழி கண்டுபுடிச்சிருக்காங்க. கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு, "பேரை மட்டும் குடு, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்"னு கெஞ்சிட்டு அலையறாங்க. அந்தப் பிள்ளை இவங்க அஞ்சு பேரை விடக் கெட்டிக்காரியா இருப்பா. அதைக் கண்டுக்கக்கூடாது. டீம் ஒர்க் கெட்டுப் போயிரும்!

சிரிக்கறீங்க. போன தை மாசம் வந்தவங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க. நாலு பசங்க, லேப்டாப்புல ஒரு பம்பு கேசிங் போட்டுட்டு வந்திருந்தாங்க. திருப்பித் திருப்பிக் காட்டினாங்க. சினிமா மாதிரி அத்தனை அழகு. "அப்புச்சி, இதே மாதிரி வார்த்துக் குடுங்க" அப்படின்னாங்க. பாத்தேன். செவுரு நட்டுக்குத்தா நிக்குது, டேப்பரே இல்லை. ஏஞ்சாமி, மரப் பேட்டர்னை மண்ணுக்குள்ள பதிச்சு வெளிய உருவோணுமில்ல? சரிவு குடுக்காம உருவினா மோல்டு இடிஞ்சு மண்ணும் கூடவே வந்துரும். அளவும் முடிஞ்ச சாமானோட அளவே போட்டிருந்துச்சு. வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும், மீட்டருக்குச் சுமாரா 10 மில்லி. அதுக்கோசரந்தான் எங்ககிட்டக் கொஞ்சம் நீளமாக் கோடு போட்ட தனி ஸ்கேலே இருக்குது. மேல கடைசல் புடிக்கறதுக்கும் கொஞ்சம் கனம் விடோணும்.

"இது பாடத்துல வருமே கண்ணு"ன்னேன். "வந்துச்சு அப்புச்சி, அது மூணாவது செமஸ்டர்"ங்கறான் ஒருத்தன். பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கான்!

மோல்டரைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். அவரு வாயே திறக்கலை. மண்ணை அள்ளி, ஒரு கட்டையைப் பதிச்சு, உருவிக் காட்டினாரு, இடிஞ்சுது. கட்டையை ரெண்டு இழைப்பு இழைச்சு மறுபடி பதிச்சு உருவினாரு, நின்னுது. பசங்க முகத்துல வெளிச்சம் வந்துச்சு. சரி, இதை யாரு வாங்குவாங்கன்னு கேட்டேன். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கிட்டாங்க. "எக்ஸ்டர்னல் சார் பாப்பாரு"ங்கறாங்க. அவரு தோட்டத்துல கெணறு இருக்குதான்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டாங்க.

கோவம் வேண்டாம், பெரிய இடத்துலயும் இந்தக் கூத்து நடந்திருக்குது. செவ்வாய்க்கு நாசா அனுப்பின மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் ஒன்பது மாசத்துக்கு மேல பறந்து, 1999 செப்டம்பர் 23-ல தொலைஞ்சு போச்சு. செஞ்சு குடுத்த லாக்ஹீட் மார்ட்டின்காரங்க உந்துவிசைக் கணக்கைப் பவுண்டுல அனுப்பினாங்க. வழிநடத்தின கலிஃபோர்னியாக்காரங்க அதை நியூட்டன்னு நெனச்சுக்கிட்டாங்க. அத்தனையும் படிச்ச மூளைங்க. "தம்பி, இது எந்த அளவு?"ன்னு ஒரு கேள்வியை உருப்படியாக் கேட்டு முடிக்க ஆளில்லை.

இப்ப நம்மூரு முருகானந்தத்தை எடுத்துக்குங்க. 2016-ல பத்மஸ்ரீ வாங்கின அருணாசலம் முருகானந்தம். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டுப் பட்டறை வேலைக்குப் போனவரு. சம்சாரம் மாசாமாசம் பழந்துணி வெச்சுக்கறதைப் பாத்துட்டு, மலிவா நாப்கின் செய்யறேன்னு கெளம்பினாரு. பஞ்சுன்னு நெனச்சாரு, அது மரக்கூழுன்னு தெரியறதுக்கே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. கம்பெனிகளுக்கு லெட்டர் போட இங்கிலீஷ் வேணும்; ஒரு புரொபசரைப் புடிச்சு எழுதி வாங்கினாரு. மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்ககிட்ட நாப்கினும் கருத்துச் சொல்ற தாளும் குடுத்தாரு. வாங்கப் போன அன்னைக்குப் பாத்தா, சில பிள்ளைங்க மட்டும் உக்காந்து எல்லார் தாளையும் நிரப்பிட்டு இருந்திருக்காங்க! இந்த வித்தை உங்க காலேஜுல மட்டும்னு பெருமைப்பட்டுக்க வேண்டாம். அதுக்கப்புறம் ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ஊத்தித் தன்ற இடுப்புலயே கட்டிட்டு நடந்து பாத்தாரு. ஒத்தை ஆளுதான். ஆனா சம்சாரம், புரொபசரு, டாக்டருக்குப் படிக்கற பிள்ளைங்க, கசாப்புக்கடைக்காரருன்னு அத்தனை பேருகிட்டயும் அவங்கவங்க பாஷையில பேசியிருக்காரு. சாமான் தேறோணும், வாங்கறவங்களுக்குக் கட்டுபடி ஆகோணும்ங்கற கவலை அவரைப் பேச வெச்சுது. டீம் ஒர்க்குன்னு யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கலை.

அது பட்டறைக் கதை, எங்களுக்கு வகுப்புக் கதை வேணும்பீங்க. அதுவும் இருக்குது, என்ற பேத்தி செல்லுல காட்டினா. 2007-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில ஒரு பாடம். வெவ்வேற படிப்புக்காரங்களை ஒட்டுக்கா உக்கார வெச்சு, குறைமாசக் கொழந்தைக்கு வெக்கற இன்குபேட்டரை நூத்துல ஒரு பங்கு விலையில செய்யுங்கன்னாங்க. ஜேன் சென்னுன்னு வியாபாரம் படிச்ச அம்மிணி, எலெக்ட்ரிக்கல் ராகுல் பணிக்கர், கம்ப்யூட்டர் லினஸ் லியாங், இன்னும் சிலர். நம்ம பசங்களா இருந்தா அன்னைக்கே இன்குபேட்டரைக் கழட்டி விலை கொறைக்கப் பாத்திருப்பாங்க. லியாங் நேபாளம் போனாரு. அங்க ஆஸ்பத்திரியில தானமா வந்த இன்குபேட்டருங்க காலியாக் கெடக்குது! கொழந்தைங்க பொறக்கறது கிராமத்துல. ஆஸ்பத்திரி வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயிருது. மலிவு இன்குபேட்டர் யாருக்கும் வேண்டாம், கரண்டு இல்லாத ஊட்டுல சூடு தர்ற சாமான் வேணும். அப்படித்தான் கொழந்தையைப் பொதிஞ்சு வெக்கற பையும், 37 டிகிரியிலேயே சூட்டைப் புடிச்சு வெக்கற மெழுகுப் பொட்டலமும் வந்துது. பேரு எம்பிரேஸ்.

இன்னும் கேளுங்க. சூடு எவ்வளவுன்னு மொதல்ல நம்பர் போட்டுக் காட்டினாங்க. நம்ம நாட்டுத் தாய் ஒருத்தி, டாக்டரு 37-ன்னா நான் கொஞ்சம் கொறைச்சுத்தான் வெப்பேன்னு சொல்லிட்டா. இங்கிலீஷ் மருந்து வீரியம் எச்சுன்னு பயம். இவங்க அவகிட்டத் தர்மோடைனமிக்ஸ் பேசலை. நம்பரை எடுத்துட்டு, சரியாயிருச்சான்னு மட்டும் காட்டற மாதிரி மாத்திட்டாங்க. எஞ்சினியருக்கு நம்பரை எடுக்கறதுன்னா காதுல கெடக்கற கடுக்கனைக் கழட்டற மாதிரி. கழட்டினாங்க. பெங்களூருக்கே வந்து கம்பெனி நடத்தி, 2011-ல அந்தச் சாமானை விக்க ஆரம்பிச்சாங்க.

இப்ப வாத்தியாருங்களுக்கு ரெண்டு வார்த்தை. கோவிச்சுக்காதீங்க சாமி. நாலு கை ஒண்ணைஒண்ணு புடிச்சுட்டு இருக்கற படத்தைத் திரையில போட்டு டீம் ஒர்க் நடத்தறதை இந்த வருஷத்தோட நிறுத்திப் பாருங்க. நாலு டிபார்ட்மெண்ட்ல இருந்தும் ஒவ்வொருத்தர், பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜுல ஒருத்தர்னு சேர்த்து, கையில ரெண்டாயிரம் ரூபாயைக் குடுத்து வெளிய தாட்டி விடுங்க. ஒரு சாமானைச் செஞ்சு, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளுக்கு வித்துட்டு வரோணும். மாமன் வாங்கினது செல்லாது. வைவாவுல மெக்கானிக்கல் பையனை சர்க்யூட்டைப் பத்திக் கேளுங்க, எலெக்ட்ரானிக்ஸ் பையனை வார்ப்பைப் பத்திக் கேளுங்க, ரெண்டு பேரையும் கணக்கு நோட்டைப் பத்திக் கேளுங்க. வாங்கின ஆளையும் கூப்பிட்டுப் பாதி மார்க்கு போடச் சொல்லுங்க. வித்த சாமான் ஓடலைன்னா அந்த ஆளு போடற சத்தத்துலயே பசங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கத்துக்குவாங்க. நஷ்டமானாலும் மார்க்கு உண்டு. ஏன் நஷ்டமாச்சுன்னு அஞ்சு பேரும் ஒரே பதிலைச் சொல்லோணும், அவ்வளவுதான்.

பம்பு கேசிங் பசங்க இன்னும் திரும்பி வரலை. நீங்க பாத்தாச் சொல்லுங்க: டேப்பர் குடுத்து, சுருக்கத்துக்கு அளவு விட்டு, ஒரு தோட்டக்காரரையும் கூட்டிட்டு வந்தா மரம் என்றது. கூலியை மட்டும் எண்ணி வெச்சுருங்க. இனாமாச் செஞ்சு குடுத்தா சாமானுக்கு என்ன வெலை வெக்கறதுன்னே உங்களுக்குத் தெரியாமப் போயிரும்.