கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு

கே: பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் திரை முழுக்கக் கறுப்பு. 'லாகின்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கோடு கண்சிமிட்டுகிறது. என்ன கெட்டுப்போச்சு?

ப: ஒன்றும் கெடவில்லை, லினக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டெஸ்க்டாப்தான் இல்லை, இங்கே அது தனிச் சரக்கு. இன்ஸ்டால் முடியப்போகும் நேரத்தில் க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ என்று டெஸ்க்டாப் பட்டியல் ஒன்று வந்திருக்கும். க்னோமுக்கு எதிரே நட்சத்திரம் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். நீங்களும் உங்கள் பங்குக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பீர்கள். இருந்த நட்சத்திரமும் போயிருக்கும். லாகின் செய்து, ரூட் என்ற நிர்வாகியாக மாறி, 'டாஸ்க்செல்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அதே பட்டியல் திரும்ப வரும். ராம் 2 ஜிபிதான் என்றால் க்னோம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்; எக்ஸ்எஃப்சிஇ போதும்.

இன்ஸ்டால் செய்யும்போது நெட்டே இல்லை என்றால் கதை வேறு. சின்ன நெட்இன்ஸ்ட் ஃபைலுக்குள் டெஸ்க்டாப் கிடையாது. லேன் கேபிளைச் செருகி முதலிலிருந்து போடுங்கள். ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதைவிட அதுதான் சீக்கிரம் முடியும்.

கே: பாஸ்வேர்டு அடித்தால் ஒரு எழுத்துகூட விழவில்லை. கீபோர்டு போச்சா?

ப: விழுகிறது, காட்டாது. நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவர் எண்ணிவிடுவாராம். அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

கே: டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஆனால் ரூட் வேலைக்கு 'சுடோ' அடித்தால், அனுமதிப் பட்டியலில் நான் இல்லை, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று மிரட்டுகிறது. யார் அந்த மேலிடம்?

ப: நீங்கள்தான். குற்றவாளியும் நீங்கள், விசாரணை அதிகாரியும் நீங்கள்; தைரியமாக இருங்கள். இன்ஸ்டாலில் ரூட் பாஸ்வேர்டு கேட்ட இடத்தைக் காலியாக விட்டவருக்கு டெபியன் சுடோ அதிகாரத்தைத் தானே கொடுத்துவிடும். பொறுப்பாகப் பாஸ்வேர்டு கொடுத்தவருக்குத்தான் இந்த மரியாதை. ரூட் ஆக நுழைந்து உங்கள் பெயரை சுடோ குழுவில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

கே: க்னோமா, கேடிஇயா? ஏன் இரண்டு?

ப: பங்காளிச் சண்டை. 1996-ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் என்ற மாணவர் கேடிஇயைத் தொடங்கினார். அது க்யூடி என்ற மென்பொருளின் மேல் நின்றது. க்யூடியின் அன்றைய உரிமம் கட்டற்றது அல்ல என்று முகம் சுளித்து, 1997-ல் மெக்சிகோக்காரர்கள் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் க்னோமை ஆரம்பித்தார்கள். 2000-ல் க்யூடியும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. சண்டைக்குக் காரணம் போயிற்று, அடுப்பு மட்டும் இன்றுவரை தனித்தனி. விண்டோஸில் பழகிய கைக்குக் கேடிஇ சுலபம். க்னோம் தன் வழிக்கு உங்களை இழுக்கும்.

கே: இன்னொரு கம்ப்யூட்டரில் எல்லாம் போட்டும் கறுப்புத் திரைதான். கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா.

ப: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார், இந்தக் கம்பெனிக்காக. நீங்கள் விரலைக் கீபோர்டில் வையுங்கள். பூட் மெனுவில் 'இ' எழுத்தைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். படம் சுமாராக வரும். டிரைவர் போட அது போதும்.

கே: தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

ப: எழுத்துரு இல்லை. லோஹித் தமிழோ நோட்டோவோ போடுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ், அதில் தமிழ்99 உண்டு. அடுத்த கேள்வியைத் தமிழிலேயே அனுப்புங்கள், இந்த முறை நீங்கள் எழுதியிருந்த தங்கிலீஷைப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் கட்டம் தெரிந்துவிட்டது.