மிளகாய் வற்றலுக்கு மார்க் போடாத லேபிள்

ஜெர்மனியில் வாடகை வீடு பிடித்தால் பெரும்பாலும் சமையலறை என்று ஓர் அறை கிடைக்கும். அதற்குள் எதுவும் இருக்காது. தண்ணீர்க் குழாயும் மின்சார வயரும் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும். சிங்க், அலமாரி, அடுப்பு எல்லாம் குடிவருகிறவர் பாடு. அப்படித்தான் ஸ்டுட்கார்ட்டில் ஒரு தமிழ்த் தம்பதி, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதால், சனிக்கிழமையே சிம்னி வாங்கக் கிளம்பினார்கள்.

கணவருக்கு இது ஒரு வேலையாகவே தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் சிம்னிக்கும் மின்சக்தி லேபிள் உண்டு. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஏழு பட்டைகள். உச்சியில் ஏ+++, அடியில் டி. கூட்டல் குறி அதிகம் உள்ளதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதானே? பக்கத்து வரிசையில் 'ஈ' வாங்கிய ஃப்ரிட்ஜ் ஒன்று கொள்ளை விலையில் நிற்பதைக் கண்டுதான் கொஞ்சம் தடுமாறினார். 2021 மார்ச்சில் ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் கூட்டல் குறிகளைப் பிடுங்கிவிட்டு, ஏ முதல் ஜி வரை புதிதாக மார்க் போட்டார்கள். அந்தக் கண்டிப்பான வாத்தியார் சிம்னி வகுப்புக்குள் அப்போது நுழையவில்லை.

"பெரிய எழுத்தை விடுங்க. கீழே படிங்க" என்றார் மனைவி.

சங்கதி கீழேதான் இருக்கிறது. பெரிய எழுத்து மின்சாரத்தைப் பற்றி மட்டுமே பேசும். அதிலும், ஒவ்வொரு சிம்னியையும் அதனதன் வாட்டுக்குத் தக்க அளவுகோலோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதனால் ஏ+ வாங்கிய பெரிய மோட்டார், பி வாங்கிய சின்ன மோட்டாரைவிட அதிக யூனிட் இழுத்தாலும் குற்றமில்லை. வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணும் லேபிளிலேயே இருக்கிறது. தினம் சுமார் ஒரு மணி நேரம் ஃபேன், இரண்டு மணி நேரம் விளக்கு என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஃபேனைவிட விளக்குதான் அதிகம் எரியும் என்று கண்டுகொண்ட அதிகாரி, நடுராத்திரி சமையலறைக்குப் போய்ப் பழகியவராக இருக்கவேண்டும்.

கணவர் செல்போனைத் தட்டினார். ஒன்று 50 யூனிட், இன்னொன்று 80. யூனிட் 35 சென்ட் என்றால் வருடத்துக்குப் பத்தரை யூரோ மிச்சம். முகத்தில் நிதியமைச்சர் களை.

மனைவியின் விரல் எண்ணெய்த் துளி படத்தில் நின்றது. ஃபில்டர் எவ்வளவு பிசுக்கைப் பிடிக்கிறது என்பதற்கான எழுத்து அது. ஏ என்றால் 95 சதவீதத்துக்கு மேல். டி என்றால் 65 முதல் 75 வரை. பூரி பொரிக்கிற வீட்டில் டி வந்தால் கால் பங்குக்கும் மேலான பிசுக்கு ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும். பெரிய எழுத்துக்கு இதில் அக்கறையே கிடையாது. உச்சியில் ஏ++ மின்னினாலும் துளிக்குப் பக்கத்தில் டி இருக்கலாம்.

சத்தத்துக்கும் டெசிபலில் ஓர் எண் உண்டு. சாதாரண ஓட்டத்தின் உச்ச வேகத்தில் அளந்தது. 'பூஸ்ட்' அதில் சேராது. மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும்போது நமக்கு வேண்டியதோ பூஸ்ட்தான். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இரைச்சல். போதாக்குறைக்கு, மணிக்கு 650 கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கும் சிம்னி சிறிது நேரத்தில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தாளிப்பு முடிந்ததா என்று சட்டம் கேட்காது.

எவ்வளவு காற்றை இழுக்கும் என்பது லேபிளில் இல்லை. கூடவே தரும் தகவல் தாளில்தான் தேடவேண்டும். வாசனைக்கோ எழுத்தே கிடையாது. இவர்களுக்கு அது முக்கியம். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்காததால், காற்றைக் கரி ஃபில்டரில் வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் ரகம்தான் இவர்களுக்கு வாய்த்தது.

"கரி ஃபில்டர் என்ன விலை?" என்று மனைவி கேட்டார். முப்பது யூரோ, வருடத்துக்கு இரண்டு முறையாவது மாற்றவேண்டும் என்றார் விற்பனையாளர்.

"ஏங்க, உங்க பத்தரை யூரோவுல இது எங்கே வருது?"

கணவர் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எண்ணெய்த் துளிக்குப் பக்கத்தில் ஏ போட்ட சிம்னி எது என்று தேட ஆரம்பித்தார்.